இரண்டடி தள்ளி நின்றவர்

ஒரு பூட்டு வாங்குவதற்காகக் கண்டக்டரம்மா ஒரு நாள் லீவு போட்டாள். பதினாறு வருஷ சர்வீசில் காய்ச்சலோடுகூட வண்டி ஏறியவள் அவள். டெப்போவில் லீவு எழுதுகிற கிளார்க் காரணத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பூட்டு வாங்கவா? வீட்டுல என்ன புதையலா இருக்கு?"

"எங்க அண்ணன் இருக்காரு," என்றாள்.

கிளார்க் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் சங்கதி டெப்போவில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தவர். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவர். தங்கையைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். அந்தக் கல்யாணம் இரண்டே வருஷத்தில் முறிந்தபோது ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் போய் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரிடையர் ஆன மறு வருஷமே மனுஷனுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் கடைக்காரரின் பெயர், அப்புறம் கிழமை, அப்புறம் தங்கையின் முகம். சில நாள் அவள் தங்கை. சில நாள் யாரோ ஒரு வீட்டுக்காரம்மா.

வேலை மட்டும் மறக்கவில்லை. காலையில் சட்டைப் பையில் பேனா, கையில் வாட்ச், கக்கத்தில் நோட்டு என்று கிளம்பிவிடுவார். கண்ணில் பட்ட தெருவெல்லாம் அவர் ஏரியாதான். அந்த வேலைக்கு அவர் வைத்திருந்த சட்டமும் மறக்கவில்லை. மணி அடி, இல்லாவிட்டால் தட்டு, தட்டிவிட்டு இரண்டடி தள்ளி நில், எந்தக் காரணத்துக்கும் அடுத்தவர் கதவில் கை வைக்காதே. வேலைக்குச் சேர்ந்த புதிதில், திறந்து கிடந்த ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போயிருந்தது. பழி அவர் தலையில் விழுந்தது. மூன்று மாதம் சஸ்பெண்ட். மோதிரம் அவர்கள் வீட்டுக் குளியலறையிலேயே கிடைத்தது, ஆனால் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அதிலிருந்து பிடித்துக்கொண்ட சட்டம் அது. தன் வீட்டுக்கு வந்தாலும் தட்டுவார், தள்ளி நிற்பார், அவள் வந்து திறந்தால்தான் காலை உள்ளே வைப்பார்.

"நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்குமா அண்ணே?" என்று அவள் கேலி செய்வாள்.

"பழகிடுச்சு பாப்பா. கை எழும்ப மாட்டேங்குது," என்பார்.

வாசலை விட்டு வெளியே போகும்போது மட்டும் கதவை ஒழுங்காக இழுத்துச் சாத்திவிட்டுத்தான் போவார். அதுவும் வேலைப் பழக்கம்.

இப்படிக் கிளம்பிப் போனவரை ஒருமுறை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கண்டுபிடித்தாள். தண்டவாளத்தில் நின்றுகொண்டு சிக்னல் பெட்டியில் இருந்த நம்பரை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் வெளியே பெரிய பூட்டாகப் போட்டு, அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பத்தே நாள்தான். சாவியை பஸ்ஸில் எங்கேயோ தொலைத்தாள். உள்ளே அண்ணன் கதவைப் போட்டு இடிக்கிறார், வெளியே இவள் பூட்டை உடைக்க ஆள் தேடி ஓடுகிறாள். முக்கால் மணி நேரம். கதவு திறந்தபோது அவர் கைமுட்டியெல்லாம் ரத்தம். அவரை வேறு எங்கேயும் அனுப்பவும் வழியில்லை. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் ஒருவரும் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பதில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஹோமில் சேர்த்துவிடலாம் என்றார்கள். பெட்டியைத் தூக்கிவந்த மனுஷனை எந்த வாயால் போகச் சொல்வாள்?

ஆக, நல்ல பூட்டு வேண்டும். சாவி இல்லாத பூட்டு. அவர் ரயில்வே கேட் பக்கம் போய்விடக் கூடாது, அவரை உள்ளே விட்டுத் திறக்க முடியாமலும் நிற்கக் கூடாது.

வாடகை வீடாயிற்றே, வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். அவர் போனிலேயே பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தார்.

"அது தேக்குக் கதவும்மா. ஒரு ஓட்டை விழுந்தாலும் காலி பண்ணிட வேண்டியதுதான். இப்பவே சொல்லிட்டேன்."

"ஓட்டை போடாம மாட்டுறேன்."

"என் சாவியும் வெளிய இருந்து வேலை செய்யணும். அப்புறம் உங்க அண்ணன் ராத்திரில தட்டுறாரு, இடிக்கிறாருன்னு எவனும் எனக்குப் போன் பண்ணக் கூடாது."

பூட்டுக் கடையில் மூன்றை எடுத்து வைத்தார்கள். விரல் வைத்துத் திறக்கிற பூட்டு பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் கதவைக் குடைந்துதான் வைக்க வேண்டும். நம்பர் அழுத்துகிற பூட்டைப் பார்த்ததும் வேண்டாம் என்றாள். அண்ணனுக்கு ஆளை மறக்கும், நம்பர் மறக்காது. அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு தடவை பார்த்தால் போதும். மூன்றாவது, கதவில் ஏற்கெனவே இருக்கிற பூட்டின் உள்பக்கக் குமிழ் மேலேயே உட்காருகிற வகை. ஆணி, ஓட்டை ஒன்றும் வேண்டாம். குமிழைக் கையால் திருக முடியாதபடி ஒரு மூடியும் உண்டு.

மாட்ட வந்த பூட்டுக்காரர் நடுத்தர வயது, நிதானமான ஆள். "நீங்க வெளிய போனா தானா பூட்டிக்கும். பக்கத்துல வந்தா தானா திறந்துக்கும்," என்றார்.

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க போன் எங்க இருக்கோ அங்கதான் நீங்க இருக்கீங்கன்னு அது நினைச்சுக்கும். வீட்டைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுடுவேன். போன் வட்டத்துக்குள்ள வந்தா திறக்கும், வெளிய போனா பூட்டும். எவ்வளவு தூரம் வைக்கட்டும்? நூறு மீட்டர்?"

மூட்டு வலி, கையில் பை, மூன்று மாடி, உள்ளே அண்ணன் கதவை இடித்த அந்த முக்கால் மணி நேரம். எல்லாம் அவள் மனசில் ஓடியது. "முந்நூறு வைங்க. ஏதாவது ஒண்ணுன்னா நான் தெருமுனைக்கு வர்றப்பவே கதவு திறந்திருக்கணும்."

பூட்டுக்காரர் அப்படியே வைத்தார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை. லீவு நாள் என்பதால் அவள் யூனிபார்மிலும் இல்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ.

அடுத்த பதினொரு நாளும் அவள் நிம்மதியாக வேலை பார்த்தாள். அவள் வண்டி சந்தை ஸ்டாண்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து திரும்பச் சந்தைக்கும் போகிற வண்டி. வழியில் அவள் தெருமுனையைத் தாண்டும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்ப்பாள். பஸ் சத்தம் கேட்டு அண்ணன் ஜன்னலுக்கு வந்து நிற்பார். நோட்டை உயர்த்திக் காட்டுவார். வண்டி கடைசி ஸ்டாப்பில் நின்றதும் போனை எடுத்துப் பார்ப்பாள். டியூட்டியில் போன் தொடக் கூடாது என்பதால் பையில் சத்தமில்லாமல்தான் கிடக்கும். எப்போது பார்த்தாலும் பச்சை எழுத்தில் "பூட்டியிருக்கிறது". கீழே வரிசையாக வேறு என்னென்னவோ தகவல்கள். விளம்பரமாக இருக்கும் என்று ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவாள்.

இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். எட்டுத் தடவை அவள் அந்த வட்டத்துக்குள் வருகிறாள், எட்டுத் தடவையும் பூட்டு திறந்து மூன்று நாலு நிமிஷத்தில் மறுபடி பூட்டிக்கொள்கிறது. அவள் போனைப் பார்ப்பதெல்லாம் இரண்டு கோடியிலும். அங்கிருந்து பார்த்தால் அது எப்போதும் பூட்டித்தான் இருக்கும். பதினாறு வருஷமாக அதே ரோட்டில் போய் வருகிறவளுக்கு, வீட்டுக்குப் போவதென்றால் வேலை முடிந்து போவதுதான். பஸ்ஸில் தாண்டிப் போவதை அவள் வீட்டுப் பக்கம் வந்ததாக எண்ணியதே இல்லை. பூட்டு எண்ணிக்கொண்டது. அந்தப் பதினொரு நாளும் கதவு திறந்த நிமிஷங்களில் அண்ணன் ஜன்னலில் நின்று இவள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

பன்னிரண்டாம் நாள் தெருமுனைக்குச் சற்று முன்னால் தண்ணீர்க் குழாய் உடைந்து ரோடு பள்ளமாகிவிட்டது. பதினொன்று இருபதுக்கு வந்த வண்டி அப்படியே நின்றது. முன்னால் ஒரு லாரி. ஜன்னல் தெரியவில்லை. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"உங்க வீட்டு வாசல்லயே நிறுத்திட்டேன் பாருங்க கண்டக்டரம்மா. போய் ஒரு காபி போட்டுக் கொண்டாங்க."

"மூணு மாடி ஏறி இறங்குறதுக்குள்ள நீங்க வண்டிய எடுத்துட்டுப் போயிடுவீங்க," என்றாள். பஸ்ஸே சிரித்தது.

பதினாலு நிமிஷம் நின்றார்கள். ஏறிப் போயிருக்கலாம். போயிருந்தால் படியில் அண்ணன் இறங்கி வருவதை நேருக்கு நேர் பார்த்திருப்பாள். இதை அவள் பிற்பாடு எத்தனை ஆயிரம் தடவை நினைத்தாள் என்பதற்குக் கணக்கு இல்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் தாண்டியபோது ஜன்னலில் ஆள் இல்லை. சாப்பிட்டுப் படுத்திருப்பார் என்று நினைத்தாள். இரண்டு பத்துக்கும் இல்லை. ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்ததும் போனைப் பார்த்தாள். "பூட்டியிருக்கிறது". அப்பாடா, உள்ளேதான் இருக்கிறார். மூன்று நாற்பதுக்கும் ஐந்துக்கும் ஜன்னல் காலிதான், ஆனால் கடைசி ஸ்டாப்பில் அதே எழுத்தைப் பார்த்தே மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஐந்தே முக்காலுக்கு வீட்டுப் படியேறினாள். மூன்றாவது மாடி வாசலுக்கு மேலே தகரக் கூரை. நடுப்பகலில் அதன் கீழே நின்றால் அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். எதிர் வீட்டுக்காரர்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கீழே தையல் யூனிட், மெஷின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அண்ணன் தன் வீட்டுக் கதவிலிருந்து சரியாக இரண்டடி தள்ளி, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. சட்டை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. நோட்டு மடியில் இருந்தது.

"அண்ணே."

கண்ணைத் திறந்தார். அவளை யாரோ பக்கத்து வீட்டுக்காரம்மா என்று நினைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டுல ஆள் இல்லம்மா," என்றார். "தட்டித் தட்டிப் பார்த்துட்டேன்."

டெப்போவுக்குத் திரும்பும் வழியில் அவளை இறக்கிவிட்டு நின்ற அவள் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டிரைவர் ஒரு ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் அண்ணன் போய்விட்டார். வெயில் தாங்கவில்லை, உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒன்பதாம் நாள் அந்த நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்தில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஏழு மீட்டரின் ரீடிங்கும் வரிசையாக, அழகாக இருந்தது. அப்புறம் மேலே வந்திருக்கிறார். 11.50, வீடு பூட்டு. 12.40, வீடு பூட்டு. 1.30, வீடு பூட்டு. 2.11, வீடு பூட்டு. 3.15க்கு எதிரில் வெறும் கோடு.

போனை எடுத்து, அன்றைக்கு விளம்பரம் என்று தள்ளிவிட்ட வரிகளைத் தேடினாள். எல்லாம் அப்படியே இருந்தன. 12.49 திறந்தது. 12.53 பூட்டியது. 2.09 திறந்தது. 2.13 பூட்டியது.

இரண்டு பதினொன்று. அவர் தட்டியபோது பூட்டு திறந்துதான் இருந்திருக்கிறது. கைப்பிடியை ஓர் அழுத்து அழுத்தினால் உள்ளே மின்விசிறி, தண்ணீர், மூடி வைத்த சாப்பாடு எல்லாம் இருந்தன. மனுஷன் தட்டிவிட்டு, இரண்டடி தள்ளிப்போய் நின்று, வாட்சைப் பார்த்து மணி எழுதியிருக்கிறார். அந்த நிமிஷத்தில் அவள் கீழே பஸ்ஸில் குனிந்து ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தாள். நோட்டைத் தரையில் வைத்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்காரர் துக்கம் கேட்க வந்தார். பேச்சோடு பேச்சாகக் கதவைத் தடவிப் பார்த்தார். ஓட்டை ஒன்றும் இல்லை.

ரூட்டை மாற்றித் தரச் சொல்லி டெப்போவில் எழுதிக் கொடுத்தாள். லீவு எழுதிய அதே கிளார்க் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். பூட்டைக் கழற்ற வந்த பூட்டுக்காரரை, இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

இப்போதும் அதே வண்டிதான். தெருமுனை வந்தால் அவள் குனிவதில்லை. டிக்கெட் கேட்கிறவர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் அங்கே சிக்னலில் வண்டி நின்றபோது டிரைவரின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்ப திறந்திருக்கும்," என்றாள்.

சிக்னல் விழுந்ததும் டிரைவர் வண்டியை எடுத்தார்.