நாலு வீட்டுக்கு ஒரு மீட்டர்

மகன் டெங்குக் காய்ச்சலிலிருந்து எழுந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவன் கழிவறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் "எவ்வளவு போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வார்ட்டில் தாய்மாருக்கு அதுதான் வேலை. உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் சிறுநீரையும் அளந்து நர்ஸ் மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். "அம்மா, எனக்குச் சுகமாயிருச்சு" என்று அவன் எரிந்து விழுவான். எனக்குத்தான் இன்னும் சுகமாகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி அவனைப் பார்க்க மஹய்யாவ வீட்டுக்கு வந்தான். தம்பிக்குக் கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடை. அப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"அக்கா, சொன்னா கோவிக்கக்கூடாது. நீயும் அத்தானும் சம்பளக்காரங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில ஒரு ஏழைப்புள்ள படுக்கிற எடத்தப் புடிச்சிக்கிட்டீங்க. இருக்கிறவங்ககிட்ட காசு வாங்கணும், இல்லாதவங்களுக்கு மட்டும் சும்மா குடுக்கணும். அதுதான் நியாயம்."

"பிரைவேட்டுக்குத்தானேடா முதல்ல போனோம். ரெண்டாம் நாளே, இதுக்கு வேண்டிய ஆளும் சாமானும் பெரியாஸ்பத்திரியிலதான் இருக்குன்னு அனுப்பிட்டாங்க."

"சரி, அங்க காசு குடுத்தியா?"

"மாசாமாசம் குடுக்கிறேன். சம்பளம் கைக்கு வர முன்னுக்கே வரிய வெட்டிர்றாங்க."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னதில் ஒன்று உண்மை. கட்டில்கள் போதவில்லை. என் மகனின் கட்டிலிலேயே, கால்மாட்டுப் பக்கமாகத் தலை வைத்து, தெல்தோட்டையிலிருந்து வந்த ஒரு சின்னப்பெண் படுத்திருந்தாள். அவளுடைய தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளும் நானும் இரவும் பகலும் கட்டிலோரம் கிடந்த ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குச் சேர வேண்டிய கட்டிலில் பாதியை நாங்கள் பிடித்திருக்கிறோம் என்ற நினைப்பு அப்போதே என்னை அரித்தது.

ஆனால் தம்பி அந்த மத்தியானத்தைப் பார்க்கவில்லை. ரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்க்கிற சின்ன மெஷின் ஒன்று வார்ட்டில் இருந்தது. அன்றைக்கு அது நின்றுபோயிற்று. ரத்தத்தை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து வர வேண்டும், கொண்டுபோக ஆளில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் கை கால் சில்லிட்டுக்கொண்டு வந்தது. தெல்தோட்டைத் தாய் இரண்டு தரம் போய்க் கேட்டாள். "இரும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்து என்னிடம், "நீங்க போய்க் கேளுங்கக்கா. நாங்க கேட்டா வெளிய நிக்கச் சொல்றாங்க" என்றாள்.

நான் போனேன். சிங்களத்தில் கத்தினேன். எந்த அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்பதையும் சொன்னேன், யாருக்கு முறைப்பாடு எழுதுவேன் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வார்ட்டிலிருந்து ஒரு மெஷின் வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேலைன் வேகத்தை மாற்றினார்கள். "இன்னும் பிந்தியிருந்தா..." என்று தொடங்கிய டொக்டர் முடிக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். முடிக்காத அந்தப் பேச்சுதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன்.

"பாத்தியா, ஏழைங்களுக்காகப் பேச நீ வேணும்னு சொல்ற. நீ கத்துனாத்தான் வரும்னா அதுவும் அநியாயம்தானே?"

"அநியாயம்தான். அதுக்காக நான் பிரைவேட்டுக்கு எழும்பிப் போனா நியாயம் வந்துருமா?"

"நான் சொல்றது வேற. வாசல்லயே யாரு இல்லாதவங்கன்னு பாத்துப் பிரிச்சா முடிஞ்சுது."

அப்போதுதான் அந்தத் தாய் வாங்கில் உட்கார்ந்து சொன்ன கதையை அவனுக்குச் சொன்னேன். அரசாங்கம் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் காசு அவளுக்குக் கிடைக்கவில்லை. காரணம் கரண்ட். அவள் இருக்கும் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் நாலு வீட்டுக்கும் ஒரே மீட்டர். அது அவள் வீட்டுச் சுவரில், அவள் புருஷன் பெயரில் இருக்கிறது. நாலு வீட்டு விளக்கும் அவள் பில்லில்தான் ஏறும். இவ்வளவு கரண்ட் எரிப்பவளுக்கு எதற்குக் காசு என்று வெட்டிவிட்டார்கள்.

"உன் கணக்குப்படி அவளும் பணக்காரி. வாசல்ல நீ நின்னா அவகிட்டயும் காசு கேப்ப."

தம்பி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு, "அது கணக்குல உள்ள பிழை. திருத்தினா போச்சு" என்றான்.

"திருத்தச் சொல்லி அலையிறா. போற ஒவ்வொரு நாளும் அன்னைக்குச் சம்பளம் இல்ல. கணக்குத் திருந்துற வரைக்கும் புள்ளைக்குக் காய்ச்சல் நிக்குமா?"

"அப்ப எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரிதான். உன் புள்ளைக்கு வந்தாலும் அங்கயே வா. வந்து நீயும் கத்து. அடுத்த மெஷின் வரட்டும்."

உள்ளே மகன் சிரித்தான். அது தம்பிக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நின்றான். "சரி, வார்ட்டுக்கு ரெண்டு ஃபேன் நான் வாங்கிக் குடுக்கிறேன். புண்ணியமாப் போகும்."

"ஃபேன் வேணாம். கடையில பில்லு போட்டு வித்து, வரிய ஒழுங்கா கட்டு. அந்த ஃபேன் தன்னால வரும்."

தம்பியின் முகம் கறுத்துப்போயிற்று. தேத்தண்ணி குடிக்காமலே இறங்கிப் போய்விட்டான். "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கணவர் கேட்டார். வீடு தேடி வந்தவனை அப்படிப் பேசியிருக்க வேண்டாம்தான். முதல் நாள் பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடியவனும் அவன்தான்.

இன்றுவரை அவன் பேசவில்லை. கடைப்பக்கம் போகும்போது உள்ளே எட்டிப் பார்ப்பேன், அவன் தலையைக் குனிந்துகொள்வான். ஒருநாள் நானே போய்ப் பேசுவேன். பேச்சை விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.