நாடகத்தில் இல்லாத துபாய்

என் கணவருக்குத் தொலைக்காட்சி நாடகம் ஆகாது என்று நான் வருஷக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தேன். நம்பும்படிதான் அவரும் நடந்துகொண்டார். உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் நாடகம் ஓடினால், காற்று வாங்குகிறேன் என்று எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். "அழுவறதுக்கு டிவி எதுக்கு, வெங்காயம் உரிச்சா போதாதா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். அந்த ஜோக்கை அவர் சொல்லாத வீடு எங்கள் சொந்தத்தில் கிடையாது.

அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். மலேசியாவில் எங்கள் ஊரான குளுவாங்கிலிருந்து தினமும் போய்வர முடியாது. அங்கேயே நாலு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வந்து ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் போய்விடுவார். இங்கே தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகளில் ஒன்றில் நானும் மகளும். அவருடைய பை மட்டும் எந்நேரமும் கதவோரத்தில்தான் இருக்கும். அதை உள்ளே கொண்டுபோய் வைக்க எனக்கும் தோன்றியதில்லை. மறுநாளே திரும்பவும் தூக்கிக்கொண்டு வரவேண்டும், எதற்கு வீண் வேலை?

இப்படி ஒரு நாள் விருந்தாளியாக வருகிற மனிதரோடு என்ன பேசுவது? கரண்டு பில், பள்ளிக்கூடம், கூரை ஒழுகல் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அந்த ஓட்டையை அடைக்கத்தான் நான் நாடகக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைதான் எங்கள் மேடை. அவர் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வெங்காயம் உரிப்பார். அவருக்குத் தெரிந்த சமையல் அவ்வளவுதான். நான் பெரும்பாலும் சார்டின் சம்பால்தான் வைப்பேன். வாரம் முழுவதும் கேன்டீன் சோறு தின்கிறவர், கோழியும் ஆடும் கேட்பார் என்று பார்த்தால், அவர் கேட்பது டின் மீன். குவாலிச் சட்டியில் எண்ணெய் விட்டு, வெங்காயம் நிறையப் போட்டு, அரைத்த மிளகாயைப் பச்சை வாடை போகிறவரை வதக்கி, டின்னில் இருக்கிற தக்காளிச் சாறோடு மீனைச் சாய்த்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. சோம்பேறிகூட செய்துவிடலாம். ஆனால் கதை சொல்லிக்கொண்டே செய்ததால் எனக்கு அது கல்யாணச் சமையல் மாதிரி இழுத்துக்கொண்டு போகும்.

"அப்புறம், அந்த மூத்த மருமவ என்னா ஆனா?" என்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

அந்த நாடகத்தில் ஒரு கூட்டுக் குடும்பம். மூத்த மருமகள் வாயில்லாப் பூச்சி. அவள் புருஷன் ஊரிலேயே துணிக்கடை வைத்திருப்பவன், ஒரு நாளும் வீட்டைவிட்டு வெளியே தங்காதவன். மூன்று வேளையும் அம்மா பரிமாற உட்கார்ந்து சாப்பிடுகிறவன். இதுதான் உண்மைக் கதை.

நான்தான் அவனைத் துபாய்க்கு அனுப்பினேன்.

ஏன் அனுப்பினேன் என்று சொல்வதற்கு முன்னால் என் அம்மாவின் சட்டத்தைச் சொல்லவேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி எங்களை வளர்த்தவள் அவள். களைத்து வீடு வந்தவனிடம் வந்ததும் வராததுமாகக் குறை சொல்லக்கூடாது. வேலைக்குப் புறப்படுகிறவனிடம் போகாதே என்ற சொல் வாயில் வரக்கூடாது, அது போகிற இடத்தில் அவனைத் தொடரும். இதைக் கேட்டே வளர்ந்தவள் நான். இருப்பது இரண்டே நாள். சனிக்கிழமை வருகிற நாள், ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிற நாள். "போதும், வந்துடுங்க. இருக்கறத வச்சி இங்கயே பொழைச்சிக்கலாம்" என்று சொல்ல எனக்கு எந்தக் கிழமை மிச்சம் இருந்தது? கப்பல் பட்டறையில் உயரத்தில் ஏறி நெருப்போடு வேலை செய்கிறவரிடம், அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. படித்தவள்தான். ஆனாலும் இல்லை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குவாலியைக் கிளறிக்கொண்டே, மூத்தவன் வேலை கிடைத்துத் துபாய்க்குப் போய்விட்டான் என்றேன்.

"அலமாக்! துபாய்க்கா? எப்பலா?" என்று கையில் வெங்காயத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"போன செவ்வாக்கெழம."

"கடைய யாரு பாக்கறா?"

அதை நான் யோசிக்கவில்லை. "தம்பிக்காரன்" என்று சமாளித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி உரிக்க ஆரம்பித்தார். எனக்கு ஒரே குஷி. எந்த இயக்குநருக்கும் இல்லாத சௌகரியம் எனக்கு. என் ரசிகர் அசல் நாடகத்தைப் பார்க்கவே போவதில்லை.

பிறகு நடந்ததெல்லாம் என் கைவரிசை. பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது, மூத்த மருமகளுக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று ஒரு வாரம் சொன்னேன். மறு வாரம் இவர் ஒரு புதுத் தாழ்ப்பாளோடு வந்து, எங்கள் பின்கதவில் அடித்துவிட்டுப் போனார். இன்னொரு வாரம், பிள்ளைக்கு ஜுரம், அவள் மட்டும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்று சொன்னேன். எங்கள் மகளுக்கு வந்த ஜுரம்தான் அது; அவர் கவலைப்படுவார் என்று நேராகச் சொல்லாமல் விட்டிருந்தேன். புதன்கிழமை ஃபோன் போட்டவர் எடுத்த எடுப்பில், "புள்ளைக்கு இப்ப தேவலையா?" என்று கேட்டார். மகளே பேசும்போது உளறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு மண்டூகமாக ஒருத்தி இருக்க முடியுமா என்று இப்போது கேட்டால், இருந்தேன், அதுதான் பதில்.

மகள் தொடக்கப் பள்ளியில் நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றும் சார்டின்தான். அவர் வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டும் எழுந்திருக்கவில்லை. தோலைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, அந்தத் துபாய்க்காரன் இருக்கான்ல. அவனுக்கு ஊருலயே ஒரு வேல கெடச்சி, இனிமே போவலன்னு வந்துட்டான்னு வையி. அவ நம்புவாளா?"

எனக்கு அப்போது கதை சொல்கிற வெறி முற்றியிருந்தது. மூத்த மருமகளைக் கொஞ்சம் ரோஷக்காரியாக மாற்றலாம் என்று அந்த வாரம் முழுவதும் மனதுக்குள் வசனம் எழுதி வைத்திருந்தேன். நல்ல சமயத்தில் எடுத்துக் கொடுக்கிறாரே என்று கரண்டியை ஓங்கிக்கொண்டு அவளாகவே மாறிப் பேசினேன்.

"நம்ப மாட்டா. எதுக்கு நம்பணும்? நீ இல்லாம இருக்கப் பழகியாச்சி. இனிமே நீ வந்தா எனக்குத்தான் தொல்ல. போயி அங்கயே இரு!"

சொல்லிவிட்டு அவரைப் பார்த்தேன், பாராட்டுவார் என்று. அவர் லேசாகச் சிரித்தார். "நல்லாத்தான் பேசறா" என்றார். எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டார். அன்று சோறும் கொஞ்சம்தான் சாப்பிட்டார். காரம் கூடிவிட்டதோ என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

அதன்பிறகு பட்டறையில் அவரை மேற்பார்வை வேலைக்கு மாற்றினார்கள். சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்று வராமலே போனார். நாடகமும் முடிந்தது. வேறு நாடகம் வந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தபோது அவர் முக்காலியில் உட்கார்ந்து கேட்டார்தான். ஆனால் எடுத்துக் கொடுக்கவில்லை. கேள்வி கேட்காத ஆளுக்குக் கதை சொல்வதில் என்ன சுகம்? நானும் விட்டுவிட்டேன்.

மகள் அவர் இல்லாமலே வளர்ந்தாள். கெட்ட பிள்ளை இல்லை. அப்பா வந்தால் டிவியை அணைத்துவிடுவாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "பயணம் எப்படிப்பா?" என்று கேட்பாள். எதிர்வீட்டு மாமாவிடம் எப்படிப் பேசுவாளோ அதே மரியாதை. அவளுடைய பல்கலைக்கழகத்துக்கு அவர் ஒரு தரம் வந்தார். அவள் அவரை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தியபோது, அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். இப்போது அவள் கோலாலம்பூரில் வேலையில் இருக்கிறாள்.

முழங்கால் தேய்ந்துபோய் அவர் ஒருவழியாக வீட்டோடு வந்து சேர்ந்தார். முதல் சில மாதங்கள் கரண்டி எங்கே, சர்க்கரை எங்கே என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சொந்த வீட்டில் ஒருவர் வழி கேட்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பழைய நாடகத்தை மறு ஒளிபரப்பு போட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூத்தவன் துணிக்கடையிலிருந்து வந்து, சட்டமாக உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறான். என் துபாய் அம்பலமாகிவிடுமே என்று ரிமோட்டைத் தேடினேன். அது அவர் கையில் இருந்தது.

"விடு, பாப்போம்" என்றார். பிறகு கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "இவன்தான துபாய்க்குப் போனவன்?" என்றார்.

அவர் சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அப்பவே. ரூம்ல தமிழ்நாட்டுப் பையனுங்க லேப்டாப்புல போடுவானுங்க. நீ சொல்ல ஆரம்பிச்சதுலேர்ந்து நானும் உக்காந்து பாப்பேன். ஒரு நாளும் விட்டதில்ல."

நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. ஜுரம் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அந்த இன்னொன்று ஞாபகம் வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்னைக்குக் கேட்டீங்களே. ஊருலயே வேல கெடச்சி வந்துட்டான்னா நம்புவாளான்னு."

"ம்."

"வேல இருந்துச்சா?"

"பாமாயில் மில்லுல. இங்கதான், டவுன் தாண்டி. ரிப்பேர் பாக்கற வேல. சேந்துக்கறியான்னு கேட்டாங்க. ஒங்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு வந்தேன்."

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். "நேரா கேக்க வாயில்லையா ஒங்களுக்கு?" என்று கத்தினேன்.

"ஒனக்கு இருந்துச்சா?" என்று அவர் அமைதியாகக் கேட்டார்.

"நான் அவளத்தான சொன்னேன்! நாடகத்துல இருக்கறவளச் சொன்னேன்!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சண்டைக்குப் பார்க்கிற பார்வை இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறவர் மாதிரி, "எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். "அதுவரைக்கும் அவ பேசுனதெல்லாம் நீ பேசுனதுதான?"

  மூத்த மருமகளின் பேச்செல்லாம் என் மனதிலிருந்து வந்தது. அந்த ஒரே ஒரு வசனம்தான் சும்மா அழகுக்காகச் சொன்னது. அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இவ்வளவு வருஷமும் தொல்லை கொடுக்கக்கூடாது என்றே தள்ளி இருந்திருக்கிறார். என் அம்மாவின் சட்டத்தை மீறி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு தடவை, போகாதீங்க என்று சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மகள் ஃபோன் செய்தாள். கை மாவாக இருந்ததால் ஃபோனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பேசுவது அவருக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் நானும் குரலைத் தாழ்த்தவில்லை. நீ நாலாம் ஆண்டு படிக்கும்போதே ஒங்கப்பா வேலையை விட்டுவிட்டு நம்மோடு வந்துவிட நினைத்தார், அம்மா புரியாமல் பேசிக் கெடுத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். நல்லதாக ஒரு வார்த்தை சொல்வாள், அது அவர் காதில் விழும் என்று எனக்கு ஆசை.

அவள் முழுவதையும் கேட்டு முடித்தாள். பிறகு, "இத ஏம்மா இப்ப சொல்றீங்க?" என்றாள். "எனக்கு அவருகூட என்னா பேசறதுன்னே தெரியலம்மா. ஒவ்வொரு தடவையும் சாப்டீங்களாப்பான்னு கேட்டுட்டு, அதுக்கு மேல ஒண்ணும் வரமாட்டேங்குது. அதான் நீங்க எடுக்கற நேரமாப் பாத்து ஃபோன் பண்றேன்."

நான் மாவுக் கையோடு ஸ்பீக்கரை அணைக்கப் போனேன். அதற்குள் கூடத்தில் டிவி சத்தம் கூடியது.