வண்டியைப் பார்த்து அடி

ஸ்கேல் மாஸ்டருக்கு அந்தப் பெயர் வந்த கதை ஒரு குளியலறையில் தொடங்குகிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கோல்ஃப் மைதானத்தின் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர் அவர். சாப்பாட்டு இடைவேளையில் யாரோ விளையாட்டாக ஒரு மட்டையைக் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். பந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போனது. மறுபடி அடிக்கச் சொன்னார்கள், மறுபடியும் அதே கோடு. குளியலறை வேலை முடிந்தது, மனிதர் மட்டும் திரும்பிப் போகவில்லை. மட்டை துடைத்து, பந்து சுமந்து, மெல்ல மெல்லப் பயிற்சித் திடலில் கற்றுக்கொடுக்கிற மாஸ்டராகிவிட்டார். இன்றைக்கும் வீட்டுச் சுவரில் காலண்டர் ஒரு விரல்கடை சாய்ந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "காலண்டர் நேரா நின்னா நல்ல காலம் சீக்கிரம் வந்துடுமா?" என்று மனைவி கேட்பாள்.

மனைவிக்கும் வேலை அதே திடலில்தான். பந்து பொறுக்கும் வண்டியை ஓட்டுகிறவள் அவள். சின்ன டிராக்டர் போன்ற வண்டி. முன்னால் இருக்கும் உருளைகள் புல்லில் கிடக்கும் பந்துகளை வாரிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு அடிபடாமல் இருக்க இருக்கையைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு. மேடையில் நின்று ஆட்கள் அடித்துக்கொண்டே இருக்க, அவள் எதிரே குறுக்கும் நெடுக்குமாகப் போய்வந்துகொண்டிருப்பாள். பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வண்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது. குறிவைத்து அடித்துப் பார்ப்பார்கள். பெரிய பெரிய பதவியில் இருப்பவர்கள்கூட இந்த விஷயத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான்.

இந்த வருஷம் மாஸ்டர்கள் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் இனிமேல் ஒரு நாள் முழு ஆட்டம் ஆடிக்காட்ட வேண்டும். தேறாதவர்களின் உரிமம் ரத்து. உரிமம் போனால் வேலை போகும். வேலை போனால் பந்து கழுவும் கொட்டகைக்குப் பின்னால் அவர்கள் குடியிருக்கும் இரண்டு அறைகளும் போகும். கடிதத்தைப் படித்த மறுநாள் காலை மாஸ்டர் டிரைவரை எடுத்து அடித்தார். டிரைவர் என்பது பையில் இருப்பதிலேயே நீளமான மட்டை, தூரத்துக்கு அடிப்பது. பந்து கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் இடப்பக்கம் வளைந்து கீழே பாய்ந்தது.

இதற்குப் பெயர் ஹூக். மாஸ்டரிடம் வருகிறவர்களில் பலருக்கு இருக்கிற நோய்தான். அதை எப்படிச் சரி செய்வது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இடது கை மட்டையின் மேல் ரொம்பப் புரண்டிருக்கும், மூன்று விரல் முட்டிகள் தெரியும். இரண்டு மட்டும் தெரிகிற அளவுக்குத் திருப்பு. பிடியைத் தளர்த்து. பந்தை இடது குதிகாலுக்கு நேராக வை. இடுப்பு பாதியில் நின்றுவிடக் கூடாது. எல்லாம் தெரியும். தனக்கென்று வந்தபோது கை எதையும் கேட்கவில்லை. பயந்தவன் கை எதையும் இறுக்கித்தான் பிடிக்கும் என்பதையும் அவர்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. மேடையில் இரண்டே பேர். மாஸ்டரும், அவரிடம் மூன்று வருஷமாகக் கற்றுக்கொண்டு இன்னும் ஹூக்கை விடாத ஒரு பல் டாக்டரும். டாக்டர் அப்போதுதான் ஒன்றை அடித்துவிட்டு, அது போன திசையைக்கூடப் பார்க்காமல் அடுத்த பந்தை வைக்கக் குனிந்திருந்தார். மாஸ்டர் டிரைவரை வீசினார். பந்து உயர எழும்பி, வளைந்து, இடது மூலையில் இருநூறு மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்த வண்டியை நோக்கி இறங்கியது. கண்ணாடி உடையும் சத்தம் மேடை வரை கேட்டது. வண்டி நின்றுவிட்டது.

மாஸ்டர் ஓடினார். அந்த இருநூறு மீட்டரை எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. ஓட்டுகிறவர் பக்கத்து வலையின் மூலையில் பற்றவைப்பு விட்டுப்போய் இரண்டு வாரம் ஆகிறது. வெல்டிங் செய்யச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர்தான் அதுவரைக்கும் ஒரு கம்பியைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். பந்து சரியாக அந்த இடைவெளி வழியே புகுந்து, அவள் முகத்துக்கு முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியை நொறுக்கியிருந்தது. அவள் கன்னத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்திருந்தாளாம்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் பந்துதாம்மா. என் சனியன் பிடிச்ச ஹூக்கு. மன்னிச்சுடுங்க."

மாஸ்டர் வாயைத் திறந்தார். "பரவால்ல டாக்டர், ஒண்ணும் ஆகல" என்றுதான் வந்தது. அந்த நிமிஷமே தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு பயம் அவரை ஆட்டிப்படைத்தது. டிரைவரைத் தொட்டாலே கண்ணாடி உடையும் சத்தம் காதுக்குள் கேட்டது. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அந்தக் கீறல். அவள் குனியாமல் இருந்திருந்தால் என்கிற இடத்துக்கு மனசு போகும், அங்கேயே நின்றுவிடும். வண்டி இடப்பக்கம் இருந்தால் அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே வலப்பக்கம் திரும்பி நின்றன. வலப்பக்கம் திரும்பி நின்றால் கை வெளியே வலப்பக்கமாக வீசும், கடைசி நேரத்தில் மணிக்கட்டு பந்தை உள்ளே இழுக்கும், ஹூக் இரண்டு மடங்காகும். இதுவும் அவர் பாடம் நடத்துகிற விஷயம்தான். பரீட்சை நடக்கும் மைதானத்தின் முதல் குழிக்குப் போகும் வழியில் இடப்பக்கம் முழுக்க வேலி, வேலியை ஒட்டி மக்கள் நடக்கிற பாதை.

புதன்கிழமை காலை, பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு, மனைவி கொட்டகையில் பந்துகளைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள். திடல் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"வெள்ளிக்கிழம என்ன பண்ணப் போறீங்க?"

"என்ன பண்றது, போய் அடிக்க வேண்டியதுதான்."

"எங்க, நடைபாதைல போறவங்க தலையிலயா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வந்தது உங்க பந்துதானே?"

மாஸ்டர் தொட்டியில் கிடந்த பந்துகளையே பார்த்தார்.

"டாக்டர் பந்து எங்கிட்ட வர்றதுக்குள்ள பாதி வழியில படுத்துத் தூங்கிடும். எரநூறு மீட்டர் தாண்டி மேலேர்ந்து இறங்கற பந்து அந்த நேரத்துல வேற யாருது?"

"அப்பவே தெரியுமா?"

"கண்ணாடி உடைஞ்சப்பவே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் அவர் உட்கார்ந்துவிட்டார். "பயமா இருந்துச்சு" என்றார். "இப்பவும் பயமாத்தான் இருக்கு. உன்னைக் கொன்னுடுவேனோன்னு பயமா இருக்கு."

அவள் தொட்டியை விட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "பதினோரு வருஷமா அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்திருக்கேன். என்னைக் குறி வெச்சு அடிச்சவங்க பந்து ஒண்ணுகூட எம்மேல பட்டதில்ல. பட்டதெல்லாம், ஐயோ அந்தம்மா மேல பட்டுடுமோன்னு ஒதுங்கி ஒதுங்கி அடிச்சவங்களுதுதான். நீங்களும் இப்ப அதத்தான் பண்றீங்க. நான் இந்தப் பக்கம் வந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்க. உங்களுக்குத் தெரியல, எதிர்ல இருக்கறவளுக்கு நல்லாத் தெரியுது. இன்னிக்கு என்னைப் பாத்து அடிங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"வலைய வெல்டிங்காரர் நேத்தே வந்து அடைச்சுட்டுப் போயிட்டார். பந்து வந்தாலும் கம்பியிலதான் படும். எந்திரிங்க."

அவர் மேடைக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. இடது மூலையில், இருநூறு மீட்டர் பலகைக்குப் பக்கத்தில், ஓட்டுகிறவர் பக்கம் மேடையைப் பார்த்திருக்கும்படி குறுக்காக நிறுத்தினாள். இன்ஜினையும் அணைத்துவிட்டாள். ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தாள். அதன் பிறகு திடலில் எந்தச் சத்தமும் இல்லை.

மாஸ்டர் பந்தை வைத்தார். பாதங்களை வண்டியைப் பார்த்துத் திருப்பினார். வலது கால் வலப்பக்கம் நழுவப் பார்த்தது, இழுத்து வைத்தார். இடது கையைப் பார்த்தார், இரண்டு முட்டி. மட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று இரண்டு தடவை நினைத்தார். வலை அடைத்தாயிற்று, அடைத்தாயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, கட்டிய மனைவி உட்கார்ந்திருக்கிற இடத்தைக் குறிவைத்து, முழு பலத்தோடு வீசினார்.

பந்து நேராக அவளை நோக்கித்தான் போனது. நேராக என்றால் அப்படி ஒரு நேர். வண்டிக்கு முன்னால் வந்தபோது அது லேசாக, மிக லேசாக, வலப்பக்கம் ஒதுங்கியது. முப்பது அடி தள்ளி விழுந்து உருண்டது. அவர் இன்னொரு பந்து வைத்தார். அதுவும் அதே மாதிரி ஒதுங்கியது. ஐந்து பந்து அடித்தார். ஐந்தும் ஒரே வரிசையில் கிடந்தன.

வெள்ளிக்கிழமை என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். நடைபாதையைப் பார்த்து நின்றார், பந்து நடுவில் போய் விழுந்தது, தேறிவிட்டார். பல் டாக்டரிடமும் உண்மையைச் சொன்னார். டாக்டருக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. இருநூறு மீட்டர் அடித்தேன் என்று கிளினிக்குக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். ஆனால் மாஸ்டரின் மனசில் இன்றுவரை நிற்பது அந்தப் பரீட்சை அல்ல. புதன்கிழமை காலை வண்டி திரும்பி வந்ததுதான்.

பக்கத்தில் வரும்போதுதான் பார்த்தார். அவள் தலையில் அவருடைய பைக் ஹெல்மெட் இருந்தது.

"இது எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பு முடிவதற்குள் கண் தானாகப் பக்கத்து வலைக்குப் போனது. மூலையில் அவர் கையால் முறுக்கிய அதே கம்பி. அதற்கு மேலே அதே இடைவெளி. கையை விட்டுப் பார்த்தார், முழங்கை வரை உள்ளே போனது.

"வெல்டிங்காரர் வந்தார்னு சொன்னியே."

"அடுத்த வாரம்தான் வருவாராம்."

"ஏன் பொய் சொன்ன?"

"நெஜத்தச் சொல்லியிருந்தா அடிச்சிருப்பீங்களா?" என்றவள், சற்றுப் பொறுத்து, "நீங்க மட்டும் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

அவர் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கீழே இறங்கி, தாடைக்கு அடியில் ஹெல்மெட் பட்டையைக் கழற்றப் பார்த்தாள். கொக்கி வரவில்லை. அப்போதுதான் அவள் விரல்களைக் கவனித்தார். அவை ஒரு இடத்தில் நிற்காமல் உதறிக்கொண்டிருந்தன.

"இரு, நான் கழட்டறேன்" என்று கையை நீட்டினார். அவர் கையும் அதே நிலைமையில்தான் இருந்தது. அந்த ஒரு கொக்கியைக் கழற்ற இரண்டு பேருக்கும் வெகுநேரம் பிடித்தது.