தெற்கு மாசி வீதியில் அறை எடுத்தது

மதுரையில் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே தங்கலாம் என்றுதான் அப்பா சொன்னார். நான் கேட்கவில்லை. சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்த இடுப்பு வலியோடு, மருந்து வாசனைக்கு நடுவில் தூங்க முடியாது என்று சண்டை போட்டேன். ஆஸ்பத்திரி வைகைக்கு வடக்கே இருக்க, தெற்கு மாசி வீதியில் லாட்ஜ் பிடித்தேன். கீழே பூக்கடை, எதிரே நல்ல காபி, தெருவைப் பார்த்த ஜன்னல். "இந்த ரூம் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்க்கா" என்றார் மேனேஜர். ஜன்னலைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்பாவுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதில் புகைமூட்டம். காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். தவறவிட்டால் டாக்டர் வெளிநாடு போய்த் திரும்ப ஒரு மாதமாகும், அதுவரை கண் தாங்காது என்று சொல்லியிருந்தார்கள்.

ஏழு மணிக்குக் கீழே இறங்கினால் தெருவையே காணோம், தலைகள்தான். சித்திரைத் தேர்.

"நாலு மாசி வீதியும் சுத்தித் தேரு நிலைக்கு வந்தாத்தான் ஆட்டோ உள்ள வரும்க்கா" என்றார் மேனேஜர். எனக்குத் தெரியாது என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவர் கையைப் பிடித்து நாலு வீடு நகர்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐந்தாவது வீட்டு வாசலில் என் வயதுப் பெண்ணொருத்தி கூட்டத்துக்கு நீர்மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஏன் அழுகுறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் பார்த்து சௌராஷ்டிர பாஷையில் ஏதோ சத்தம் கொடுத்தாள்.

"உள்ள வாங்க. பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கு. செருப்பை மட்டும் கையில எடுத்துக்கங்க, சாமி ரூமைத் தாண்டிப் போகணும்."

ரயில் பெட்டிபோல நீளமான வீடு. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் காலை மடக்கி வழிவிட்டார். ஈரத் துண்டோடு வந்த ஒருவர் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். யாரும் யார் எவரென்று கேட்கவில்லை. அப்பாவின் இன்னொரு கையை அவள் பிடித்துக்கொண்டாள். "படி இருக்குய்யா, பைய வாங்க" என்று ஒவ்வொரு படியையும் சொல்லிக் கூட்டிப்போனாள். பின்தெருவில் அவள் கணவர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம்.

ஆபரேஷனுக்குப் பிறகு, வாயை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே அறை எடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஊருக்குக் கிளம்பும்போது, அந்த வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறமாட்டேன் என்றார் அப்பா.

அவள்தான் கதவைத் திறந்தாள். அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

"அன்னைக்கு உங்க குரல் மட்டும்தான்மா இருந்துச்சு" என்றார். "மூக்குத்தியில ஏழு கல்லா?"

அவள் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஆமாய்யா, ஏழு" என்றாள்.