சீதை வீட்டு அடுப்பு

மரிவிக் வலையபட்டிக்கு மருமகளாக வந்து ஏழு வருஷமாகிறது. பிறந்தது பிலிப்பைன்ஸில், கடலோரக் கிராமம் ஒன்றில். சிங்கப்பூரில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்தபோது, கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த வேல்பாண்டியோடு பழக்கமானது. ஒப்பந்தம் முடிந்ததும் அவன் அவள் ஊருக்கே போய் மோதிரம் மாற்றிக்கொண்டான். பிறகு அவளை அழைத்து வந்து, காரைக்குடியில் கிரில் கேட் செய்யும் பட்டறை போட்டான்.

அவனுடைய அம்மா உமையாள், மருமகள் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நாக்குக்கு வசப்படவில்லை. "மாரின்னே கூப்பிடுறேன். நம்ம ஆத்தா பேருதானே" என்றாள். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் மாரி.

முதல் வருஷம் எதற்கும் "சரி" என்றுதான் சொன்னாள். பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. யாருக்கு மரியாதை, யாருக்கு வேண்டாம் என்று பிடிபடாததால் ஆட்டுக்குட்டியைக்கூட "எங்க போறீக?" என்று விரட்டினாள். சோறும் கருவாடும் அவளுக்குப் புதிதில்லை. விசாவுக்கு வருஷா வருஷம் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து காகிதங்களை ஏற்றுவதும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். அவளை எதிரே வைத்துக்கொண்டே ஆட்கள் வேல்பாண்டியிடம் கேட்பார்கள்: "இதுக்கு நம்ம சாப்பாடு ஒத்துக்கிருதா?" ஒருநாள் மளிகைக் கடையில் அவளே பதில் சொன்னாள். "ஒத்துக்கிருது. நீங்க சாப்பிட்டீகளா?" கேட்டவர் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நாலாவது வருஷம், வயிற்றில் எட்டு மாதம். ஒரு காலையில் அவளுடைய அண்ணன் போனில் அழைத்து, அம்மா போய்விட்டதாகச் சொன்னான். இந்த நிலையில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள்.

உமையாள் அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீதை இட்லி கொண்டுவந்து வைத்தாள். மதியம் மரிவிக் எழுந்து அரிசி களைவதைப் பார்த்து உமையாள் பதறிப்போனாள்.

"என்னடி செய்யிற? துக்க வீட்டுல அடுப்பு எரியக் கூடாது. வாறவுகதான் கொண்டாந்து தரணும்."

"எங்க ஊருல வாறவுகளுக்கு நாமதான் ஆக்கிப் போடணும், அத்தை. ஒம்பது நாளு செபம். ஒம்பது நாளும் கஞ்சி." பிறகு யோசித்துச் சொன்னாள். "செத்த வீடு அங்கனதானே இருக்கு. இது இல்லையே."

உமையாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒன்னைப் பெத்தவ போயிட்டா. இதுவும் துக்க வீடுதான்."

மரிவிக் களைந்த அரிசியைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றாள். இட்லிப் பாத்திரத்தை எடுக்க வந்த சீதைதான் பேச்செடுத்தாள்.

"எங்க வீட்டு அடுப்புல ஆக்கட்டும், மதினி. எங்க வீட்டுல துக்கமில்லையே."

"கறி சேக்கக் கூடாது" என்றாள் உமையாள்.

அப்படித்தான் நடந்தது. சாயந்தரம் ஐந்து மணிக்கு, தன் வீட்டுக் கூடத்தில் அரிசி டின்மேல் போனைச் சாய்த்துவைத்து, அண்ணன் வீட்டுச் செபத்தில் இவளும் சேர்ந்துகொண்டாள். முதல் நாள் மூன்று பெண்கள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் பதினொரு பேர். ஒரு வார்த்தைகூட யாருக்கும் விளங்கவில்லை. முடிந்ததும் இஞ்சியும் பூண்டும் போட்ட கஞ்சி. துக்க வீட்டில் கை நனைக்கத் தயங்கியவர்கள் தூக்குவாளியில் வாங்கிப் போனார்கள்.

ஆறாம் நாள் சீதை கேட்காமலே கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிவிட்டாள். மரிவிக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "இது எங்கம்மா கஞ்சி. ஏன் போட்டீக?" அதட்டிய பிறகுதான் பயம் வந்தது. சீதை முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் இஞ்சியைத் தட்டிவைத்துக்கொண்டு, "வந்து நீயே போட்டுக்க" என்று வாசலில் நின்று கூப்பிட்டாள்.

கடைசி நாளில் போனுக்குள்ளிருந்து அண்ணி கேட்டாள், இத்தனை பேரும் யார் என்று. மரிவிக் திரும்பிப் பார்த்து, தன் மொழியில் "எங்கள் தெரு" என்றாள்.

அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. அபி என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு ஒரு வயதானதும் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய், அம்மாவின் கல்லறையைப் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் திரும்பினாள்.

"ஒங்க வீடு எப்படி இருக்கு?" என்று உமையாள் கேட்டாள்.

"அண்ணன் சமையக்கட்டை இடிச்சுக் கட்டிட்டாக, அத்தை. உப்பு எங்க இருக்குன்னு நான் கேட்டுத்தான் எடுத்தேன்."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பயணப் பெட்டியைத் திறந்து, அழுக்குத் துணிகளைத் தனியே பிரித்துப் போட ஆரம்பித்தாள்.