ஒரு வேளைக்கு மிச்சமிருந்த மருந்து

என் அலமாரியில் பழைய மருந்துக் குப்பி ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். அந்தக் காலத்துக் கம்பவுண்டர்கள் அப்படித்தான் அளவு காட்டுவார்கள். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தவறாமல் ஊற்றிக் குடிக்கலாம். தல்லாகுளத்தில் ஒரு டாக்டரிடம் அம்மாவுக்காக வாங்கியது. யுத்தம் முடியும் தறுவாய் அது. நாங்கள் விளாங்குடியில் இருந்தோம்.

அதற்கு முன்பே அம்மா மாறத் தொடங்கியிருந்தாள். ஐம்பதுகூட ஆகவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டுவிட்டு மறுபடியும் போடுவாள். நாள்தோறும் போய்வரும் கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வழி கேட்டு நிற்பாள். பட்டாளத்துக்குப் போன அண்ணன் பர்மாப் பக்கம் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தபோது, தெருவே கூடும்படி மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள், சில மாதங்களில் அதையும் மறந்தாள். "அண்ணன் எப்பத்தா வாரானாம்?" என்று என்னிடம் கேட்பாள். உண்மையைச் சொன்னால் அன்றுதான் தந்தி வந்ததுபோல அழுவாள். மறுநாள் திரும்பவும் கேட்பாள். இப்படிப் பல முறை அழவைத்த பிறகு, "நாளைக்கு வருவான்" என்று சொல்லப் பழகிக்கொண்டோம். அதைச் சொல்லும்போது முதலில் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிறகு, சோறு ஆறிப்போச்சு என்பதைப்போலச் சொல்ல வந்துவிட்டது.

மருந்து அதற்கல்ல, வயிற்றுவலிக்கு. பெப்பர்மின்ட் வாசனை தூக்கலாக வரும் கலவை; அதில் பெல்லடோனா என்ற நச்சுச்செடியின் சாறும் சேர்ந்திருந்தது. குடிக்கத் தொடங்கிய சில நாளில் வயிற்றுவலி நின்றது. ஆனால் அம்மாவின் கண்மணிகள் விரிந்து கருகருவென்று பெரிதாகின. நாக்கு வறண்டு ஒட்டியது. சுவரோரமாக யாருடனோ பேசத் தொடங்கினாள். "வந்துட்டியாய்யா? கால கழுவிட்டு வா, எல போடுறேன்." அவள் கண்ணுக்கு அண்ணன்தான் வந்திருக்கிறான். என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்றாள். பேய் பிடித்திருக்கிறது, கோடாங்கியைக் கூப்பிடலாம் என்றாள் சின்னம்மா. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம்; அய்யா அதைக் கேட்கவில்லை. வண்டி பூட்டித் தல்லாகுளத்துக்கே கொண்டுபோனார். டாக்டர் கண்ணைப் பார்த்ததுமே, "மருந்து சேரல. இனி ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க" என்றார்.

நிறுத்தியதும் அம்மா சற்றுத் தெளிந்தாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முன்பிருந்த மறதியை நினைத்துப் பார்க்காமல், எல்லாமே மருந்தால் வந்த வினைதான், போய்விட்டது என்று நாங்கள் நம்பினோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னேன்.

அந்த வாரமே அமாவாசை வந்தது. எங்கள் பக்கம் செத்தவர்களுக்கு அன்று இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததைப் படைத்து, காக்கைக்கு வைத்த பிறகே வீட்டார் சாப்பிடுவோம். சின்னம்மா இலை போட்டாள். பக்கத்தில் அண்ணனின் வேட்டி. இலையில் கருப்பட்டிப் பணியாரம். அம்மா வந்து நின்று பார்த்தாள். அவள் அதைப் பார்க்கக் கூடாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "பணியாரம் அவனுக்குல்ல பிடிக்கும்" என்றாள். பிறகு வேட்டியைப் பார்த்தாள். இந்த முறை அழவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. நேராக அய்யாவிடம் போய், "ஏங்க, அந்த மருந்தக் குடுங்க. அதக் குடிச்சா அவன் வருவான்" என்றாள்.

அய்யா எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். அவள் விடவில்லை. சாப்பிட மாட்டேன் என்றாள். நாள்முழுக்க அதையே கேட்டாள். மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அவரே குப்பியை எடுத்துக் குலுக்கி ஊற்றிக் கொடுத்தார். நான் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா சுவரோரம் பார்த்துச் சிரித்தாள். "வாய்யா, உக்காரு." அய்யா தான் உட்கார்ந்திருந்த பாயில் நகர்ந்து இடம் விட்டார். பிறகு மெதுவாக அவளிடம் கேட்டார்:

"என்ன சொல்றான்?"

"பசிக்குதுங்கிறான்."

அய்யா அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்துவந்தார்.

அத்தோடு சரி. குப்பி பரணுக்குப் போய்விட்டது. மீண்டும் அவர் அதைத் தொடவில்லை. மருந்து இல்லாமலேயே அம்மா எல்லாரையும் மறந்துகொண்டு வந்தாள். முதலில் என்னை, அப்புறம் அய்யாவை. கடைசியில் அண்ணனையும் கேட்கவில்லை. அவள் போனபோது எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் என் மகள் இதற்கெல்லாம் காரணம் சொல்கிறாள். அனேகமாக அல்சைமர் நோயாகத்தான் இருக்கும் என்கிறாள். மூளையின் செல்கள் ஒன்றையொன்று தொடுவதில்லையாம். நடுவில் நூலிழை இடைவெளி. ஒரு செல் இரசாயனத்தைச் சுரக்கும்; அது இடைவெளியைக் கடந்து அடுத்த செல்லுக்குச் சேதி சேர்க்கும். நினைவுக்கு வேண்டியவற்றில் ஒன்றின் பெயர் அசிட்டைல்கோலின். இந்த நோயில் செல்களுக்கு வெளியே ஒரு புரதம் கசடாகப் படிகிறது, உள்ளே இழைகள் சிக்குப் பிடிக்கின்றன. அசிட்டைல்கோலினைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிகின்றன. பெல்லடோனா என்ன செய்யும் என்றால், மிச்சமிருக்கும் கொஞ்ச இரசாயனமும் போய்ச் சேர முடியாதபடி அடுத்த செல்லின் வாசலை அடைத்துவிடும். கண்மாய் வற்றும் நேரத்தில் மடையையும் அடைத்த மாதிரி என்று நான் சொன்னேன். ஆமாம் என்றாள். அப்படி அடைபட்ட மூளை இல்லாத ஆட்களை எல்லாம் பார்க்குமாம். குப்பியைக் கழுவித் தூரப் போடச் சொன்னாள். நான் போடவில்லை.

அய்யா நிறைய நாள் இருந்தார். புத்தி கடைசிவரை தெளிவாகவே இருந்தது. ஒரு முகம், ஒரு பெயர்கூட மறக்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, அந்தக் குப்பி இருக்கா?"

"இருக்குய்யா. ஒரு வேளைக்கு மிச்சம் இருந்துச்சு. காஞ்சு போச்சு."

"சரி" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுப் பாயில் கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொண்டார்.