தார் டிரம் நிறுத்தம்

மகள் ஜப்பானில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவளோடு ஒரு குட்டி ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, டிக்கெட் கவுண்டர் இல்லை, டீ விற்கிறவர்கூட இல்லை. “இங்க ஆளே கெடையாதுப்பா. எறங்குறவங்க டிக்கெட்ட அந்தப் பெட்டில போட்டுட்டுப் போயிருவாங்க” என்றாள். நம் ஊராக இருந்தால் பெட்டியையே கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வெயிலில் காய்ந்த ஸ்லீப்பர் கட்டைகளிலிருந்து தார் வாசனை வந்தது. அவ்வளவுதான், நான் ஜெபல் அலிக்குப் போய்விட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் அங்கே, அரபு நாட்டுப் பாலைவனத்தில், எனக்கு சர்வே ஹெல்பர் வேலை. அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்க வேண்டும், அவ்வளவே. ஊருக்கு எழுதும்போது மட்டும் ‘சர்வே டிபார்ட்மெண்ட்’. நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து வரும் மண்பாதை மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் நான்கு கம்பும் ஒரு தகரக் கூரையும் உண்டு. அதுதான் எங்கள் ஸ்டேஷன். பக்கத்தில் காலியான தார் டிரம் ஒன்று கிடக்கும். தேரா டவுனுக்குப் போகிறவர் அதை ரோட்டோரம் நிமிர்த்தி வைப்பார். டிரம் நின்றால் ஷேர் டாக்சி நிற்கும். படுத்துக் கிடந்தால் ஆள் இல்லை என்று பறந்துவிடும். ஏறுகிறவர் அதை மறுபடி படுக்கவைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மறந்தவருக்குக் கேம்ப்பில் ஒரு வாரம் அர்ச்சனை நடக்கும்.

ஒருநாள் காலையில் நான் அதை நிமிர்த்தினேன். முதல் பிள்ளைக்கு உடம்பு மோசம், உடனே வரவும் என்று தந்தி வந்திருந்தது. நான் கிளம்பி வந்தபிறகு பிறந்தவன், இன்னும் பார்த்ததில்லை. கம்பெனியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். எப்படியாவது பம்பாய் விமானத்தைப் பிடித்துவிட வேண்டும். பையில் அவனுக்கு வாங்கிய பால்பவுடர் டின் இருந்தது.

டாக்சிக்கு முன்னால் கேம்ப் பிக்கப் வந்தது. ரூமில் என் பக்கத்துக் கட்டில்காரன், பட்டுக்கோட்டை செல்வராசு இறங்கினான்.

“அண்ணே, இன்னொரு தந்தி வந்துருக்கு. நேத்தே முடிஞ்சிருச்சாம்.”

சரி என்றேன்.

“பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்கண்ணே. அப்பவே எடுத்துருப்பாங்க.”

அதற்கும் சரி என்றேன்.

தூரத்தில் டாக்சி தெரிந்தது. செல்வராசு என் முகத்தைப் பார்த்தான். பிறகு போய் டிரம்மைக் காலால் தள்ளினான். டாக்சி எங்களைக் கடந்து போயிற்று. நான் தள்ளச் சொல்லவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அழுகையும் வரவில்லை. தகரம் இப்படிக் காய்கிறதே என்று மட்டும் நினைத்தேன். “வாங்கண்ணே, ரூமுக்குப் போவோம்” என்றான். மறுநாள் டூட்டிக்குப் போனேன்.

நீங்கள் இப்போது போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் தகரமும் இல்லை, டிரம்மும் இல்லை. மெட்ரோ ஓடுகிறது, அதுவும் ஓட்டுகிற ஆள் இல்லாமல். செல்வராசு எங்கே இருக்கிறானோ தெரியாது.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது மனைவி பிள்ளையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவனைப் போட்டோ எதுவும் எடுத்திருக்கவில்லை. யார் ஜாடை, என்ன நிறம், சிரித்தால் எப்படி இருப்பான், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அவள் எங்கே போய்விடப் போகிறாள், மெதுவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றே காலம் ஓடிவிட்டது. போன ஆடியில் அவளும் போய்விட்டாள். அவன் முகம் தெரிந்தவர்கள் இனி யாரும் இல்லை.